நாலு கறுப்புத் தாள்

போன மாதம் எனக்கு வலக்கண்ணில் புரை எடுத்தார்கள். எடுத்த பிறகு ஒரு வாரம் நான் செய்த ஒரே வேலை, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கண்ணால் வீட்டுச் சுவரைப் பார்த்ததுதான். புதுக் கண்ணுக்குச் சுவர் வெள்ளை. பழைய கண்ணுக்கு அதே சுவர் பழுத்த வாழை இலை. இத்தனை வருடமாக அந்தப் பழுப்பைத்தான் வெள்ளை என்று நம்பி, வருகிறவர்களிடமெல்லாம் "பெயிண்டர் என்னமா வெள்ளையடிச்சிருக்கான் பாருங்க" என்று பெருமை பேசியிருக்கிறேன். "கண்ணாமூச்சி ஆடுனது போதும், காப்பியக் குடிங்க" என்றாள் என் மனைவி.

மதுரை கே.கே. நகரில், புரை எடுத்த அந்தக் கண் ஆஸ்பத்திரிக்கு மறுபடி காட்டப் போனேன். டாக்டர் என் மகளைவிடச் சின்னப் பெண். ஒரு புத்தகத்தை விரித்து என் முன்னால் நீட்டினாள். பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே ஓர் எண் ஒளிந்திருக்கும். "என்ன நம்பர் தெரியுதுங்கய்யா?" என்றாள். சொன்னேன். அடுத்த பக்கம். அதையும் சொன்னேன். எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி முடித்ததும் "சூப்பர்ங்கய்யா" என்றாள். பரீட்சை என்று ஒன்றில் நான் இவ்வளவு நன்றாகத் தேறியது அன்றைக்குத்தான். சந்தோஷமாக வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான் செல்லப்பாண்டி ஞாபகம் வந்தது. இந்தப் புத்தகம் எங்கள் கல்லூரியில் இருந்திருந்தால், அவன் முதல் வாரத்திலேயே பெட்டியைக் கட்டியிருப்பான்.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய சமயம். பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் 'வணிக ஓவியம்' என்று மூன்று வருடப் படிப்பு இருந்தது. இன்றைக்கு கிராஃபிக் டிசைன் என்றால் பெண் கொடுக்கிறார்கள். அன்றைக்கு அப்படி இல்லை. "போர்டு எழுதுறதுக்கா மூணு வருசம்? டவுன்ஹால் ரோட்டுல ஏணி பிடிச்சுக்கிட்டு நின்னா மூணு மாசத்துல படிச்சிரலாமே" என்றார் என் அப்பா. அவர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண்ணுக்கு வேறு எந்தக் கல்லூரியும் என்னை வாசல்படி ஏற்றியிருக்காது.

வகுப்பில் பதினாறு பேர். அதில் இரண்டு பேர் பெண்கள். உள்ளே நுழைந்தால் ரப்பர் சொல்யூஷன் வாடை மூக்கில் ஏறும். சைக்கிள் பஞ்சர் ஒட்டுவார்களே, அதே வாடைதான். தாளைத் தாளோடு ஒட்ட அதைத்தான் பயன்படுத்துவோம். இன்றைக்கும் ஏதாவது பஞ்சர் கடையைத் தாண்டிப் போனால் எனக்கு 'நாளைக்கு ப்ராஜெக்ட் கொடுக்கணுமே' என்றுதான் முதலில் தோன்றும். முதல் ப்ராஜெக்ட் புள்ளி. வெறும் புள்ளி. ஒரு வெள்ளைத் தாளில் ஒரே ஒரு கறுப்புப் புள்ளியை எங்கே வைத்தால் தாள் முழுவதும் நிறையும் என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் நட்ட நடுவே வைத்தேன். துறைத்தலைவர் தங்கராஜ் சார் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, நெத்திப் பொட்டா?" என்றார். பக்கத்து மேசையில் இருந்தவன் தாளின் கீழ் மூலையில், கிட்டத்தட்ட விளிம்பிலிருந்து விழுந்துவிடுகிற மாதிரி வைத்திருந்தான். அந்தப் புள்ளியைப் பார்த்தால், பிடித்து உள்ளே இழுத்துவிடலாமா என்று கை பரபரத்தது. சார் அதை எடுத்துச் சுவரில் குத்தினார். அவன்தான் செல்லப்பாண்டி.

செக்கானூரணிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவான். காட்டு வேலை பார்க்கிற குடும்பம். நெடுநெடுவென்று உயரம், கை இரண்டும் முழங்கால் வரை தொங்கும். அந்தக் கையில் பேனாவைக் கொடுத்தால், அடடா, அதை நான் எப்படிச் சொல்ல! நாங்கள் ஸ்கேல் வைத்து நாக்கைக் கடித்துக்கொண்டு இழுக்கிற கோட்டை அவன் பேசிக்கொண்டே வெறுங்கையால் இழுப்பான். 'அ' எழுதும் ப்ராஜெக்டில் அந்தச் சுழியை நான் நாற்பது தடவை எழுதி நாற்பது தடவையும் அது தேள்கொடுக்காகவே வந்தது. அவன் ஒரு தடவை எழுதினான். ஒரு தடவைதான். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவன் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் பொறாமைகூட மறந்துபோகும்.

அவனிடம் இன்னொரு பழக்கம் உண்டு. போஸ்டர் கலர் புட்டிகளை மேசையில் ஒரே வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு மூடியிலும் தாள் ஒட்டி எண் போட்டிருப்பான். புட்டி மேல் இருக்கிற லேபிள் ஈரக்கை பட்டு ஒரு மாதத்தில் கிழிந்துவிடும், அதனால் என்று சொன்னான். நாங்கள் யாராவது வரிசையைக் கலைத்தால் முகம் மாறிவிடும். "மருந்துக்கடைக்காரன் மாதிரி அடுக்கி வச்சிருக்கான்" என்று கேலி செய்வோம். சுத்தக்காரன் என்றுதான் நினைத்தோம்.

நான் சுத்தக்காரன் இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? என் புட்டிகள் பாதி காய்ந்தே கிடக்கும். தேவைப்பட்டால் செல்லப்பாண்டி மேசையில் கை வைப்பேன். இரண்டாம் வருடம் சித்திரை மாதம் பிறக்கும் முன்னால் ஒரு ப்ராஜெக்ட் வந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதை ஆளுக்கொரு போஸ்டராக வரைய வேண்டும். நல்லவற்றைத் திருவிழா சமயத்தில் கல்லூரி வாசலில் மாட்டுவார்கள். நான் என் குதிரைக்குச் சேணம் போட, அவன் சாப்பிடப் போன நேரத்தில் அவனுடைய கருஞ்சிவப்புப் புட்டியையும் கரும்பச்சைப் புட்டியையும் எடுத்தேன். வேலை முடிந்ததும் திருப்பி வைத்தேன். வைக்கும்போது மூடியை மாற்றிப் போட்டுவிட்டேன்.

மறுநாள் பதினாறு போஸ்டரையும் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். செல்லப்பாண்டியின் போஸ்டர் முன்னால்தான் எல்லோரும் நின்றார்கள். ஆற்று மணல் முழுவதும் தலைகள். ஒவ்வொரு தலையும் ஒரு தூரிகைத் தொடல்தான், ஆனால் எந்தத் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியும். தங்கக் குதிரையின் கால் தண்ணீரில் படப்போகிற அந்த ஒரு நொடி. அதற்கு மேல் அழகர். அழகர் உடுத்தியிருந்தது சிவப்புப் பட்டு.

மதுரைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர் யாராவது படித்தால் அவருக்காகச் சொல்கிறேன். அழகர் பச்சைப் பட்டு உடுத்தி இறங்கினால் அந்த வருடம் நாடு செழிக்கும். சிவப்பு என்றால் சண்டையும் சச்சரவும் என்று நம்பிக்கை. பெட்டிக்குள் கைவிட்டு எந்தப் பட்டு வருகிறதோ அதைத்தான் சாத்துவார்கள். ஊரே 'பச்சை வரணும், பச்சை வரணும்' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட ஊரில், திருவிழாவுக்கு வாழ்த்துச் சொல்கிற போஸ்டரில் ஒருவன் சிவப்புப் பட்டைச் சாத்தி வைத்திருக்கிறான்! ஆபீஸில் வேலை பார்த்த பெரியவர் ஏதோ கையெழுத்து வாங்க வந்தவர், போஸ்டரைப் பார்த்ததும் "ஆத்தாடி!" என்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "யார் பெத்த பிள்ளைடா இது? வருசம் வெளங்குமா?"

"ஏன்டா செகப்பு போட்ட?" என்றார் தங்கராஜ் சார்.

செல்லப்பாண்டி அந்தப் போஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். தப்பு எங்கே இருக்கிறது என்று அவன் தேடுகிறான். எல்லோருக்கும் பளிச்சென்று தெரிகிற தப்பு அவனுக்கு மட்டும் தெரியவில்லை. பிறகு சார் முகத்தைப் பார்த்து, "தப்புதேன் சார்" என்றான். அவ்வளவுதான். சார் அதற்குப் பூஜ்யம் போட்டார். எனக்கு அப்போதே மூடி ஞாபகம் வந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை. சார் என்னைத் திட்டுவாரே என்கிற பயம்தான், வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

அன்று மத்தியானம் கேண்டீனில் ஜமீலா எங்கள் மேசைக்கு வந்தாள். வகுப்பில் இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி. பழைய டவுனுக்குள் அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, கைலிக்கடை. கைலியிலேயே பிறந்து வளர்ந்தவள் என்பதால் எந்த நிறத்தையும் ஒரு பார்வையில் பிரித்துச் சொல்லிவிடுவாள். நேராக செல்லப்பாண்டி முன்னால் வந்து நின்று, தாவணி முனையைத் தூக்கிக் காட்டினாள்.

"இது என்ன கலரு, சொல்லுங்க."

செல்லப்பாண்டி ரொம்ப நேரம் பார்த்தான். "நல்லா இருக்குங்க" என்றான்.

"கலரக் கேட்டா நல்லா இருக்குன்றீங்க. யா அல்லா, அப்ப எனக்குத் தோணுனது சரிதான்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். "செகப்பும் பச்சையும் ஒங்களுக்குப் பிரியாதுதானே?"

அவன் மறைக்கவில்லை. சின்ன வயதில் ஒரு நாள் அவன் அய்யா மிளகாய்ப் பழம் பறிக்கச் சொல்லியிருக்கிறார். இவன் காயும் பழமுமாகச் சாக்கை நிரப்பிக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறான். "கம்பு முறியிற மட்டும் வெளுத்துட்டாரு. அவருக்கு நான் சோம்பேறி. மறுநா தக்காளி. அதுலயும் அதே கததேன். 'இவன் காட்டு வேலைக்கு ஆக மாட்டான், எங்கிட்டாவது படிக்கப் போடுங்க'ன்னுட்டாரு. கண்ணுதேன் கோளாறுன்னு எனக்கே பத்தாவது படிக்கும்போதுதேன் தெரிஞ்சது" என்றான்.

"ஏன்டா, ஊரு ஒலகத்துல எம்புட்டோ படிப்பு கெடக்கு. கலர் தெரியாதவன் வந்து சேர்ற எடமாடா இது?" என்று கேட்டேன்.

"வரையத்தான மாப்ள வந்தேன். இவிங்க கலரு கலருன்னு உசுர வாங்குவாய்ங்கன்னு எனக்கு என்ன தெரியும்?"

சிரித்தோம். ஆனால் அவன் யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான். காரணம் இருந்தது. சேரும்போது கண் நல்ல கண் என்று டாக்டர் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அவன் ஊர்ப் பக்கத்து டாக்டர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். எங்களுக்கு அடுத்த வருடம் சேர்ந்த ஒரு பையனுக்கு இதே கோளாறு என்று தெரிந்து, ஒரே வாரத்தில் சீட்டைக் கிழித்து அனுப்பியிருந்தார்கள். அப்போது தங்கராஜ் சார் வகுப்பில் சொன்னது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: "பாட்டு க்ளாஸ்ல காது கேக்காதவனச் சேப்பாங்களா?" அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது அப்படித்தான் பட்டது. இன்னும் ஒரு வருடம் இருந்தது. கடைசி ப்ராஜெக்டில் வண்ணத்துக்குத் தப்பவே முடியாது. தெரிந்தால் செல்லப்பாண்டி செக்கானூரணி பஸ் ஏற வேண்டியதுதான்.

"நாங்க ரெண்டு பேரும் யார்ட்டயும் சொல்ல மாட்டோம்" என்றாள் ஜமீலா.

"எப்பவுமே சொல்லிராதீக" என்றான் அவன். சத்தியம்கூட வாங்கிக்கொள்ளவில்லை. நாங்கள் தலையாட்டினோம்.

கடைசி வருட ப்ராஜெக்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. ஒரு பாக்கெட்டோ லேபிளோ அச்சுக்குப் போகிற வரைக்கும் முழுதாகச் செய்ய வேண்டும். அதில் இரண்டு பகுதி. ஒன்று, போஸ்டர் கலர்களைக் கண்ணால் பார்த்துக் கலந்து வரைந்த மாதிரிப் படம். அதை 'கலர் ரஃப்' என்போம். இன்னொன்று அச்சகத்துக்கான நாலு தாள். அச்சில் எத்தனை நிறம் தெரிந்தாலும் மை நாலே நாலுதான். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு. எந்த மை எங்கே விழ வேண்டும் என்று ஒவ்வொரு மைக்கும் ஒரு தாள் வரைய வேண்டும். அந்த நாலு தாளையும் வரைவது வெறும் கறுப்பு இங்க்கில்தான்! ஓரத்தில் 'மஞ்சள் நூறு, சிவப்பு முப்பது' என்று சதவீதத்தை எழுதிவிட்டால் மீதியை அச்சகத்தில் பார்த்துக்கொள்வார்கள். நாலும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். கம்ப்யூட்டர் ஒரு நொடியில் செய்கிற காரியம்தான். எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது.

செல்லப்பாண்டி இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்ப பிரஸ்ஸுக்காரன் கலரப் பாக்குறதே இல்லையா மாப்ள? நம்பரத்தேன் பாக்குறானா?"

யார் எந்தப் பொருளுக்குச் செய்ய வேண்டும் என்று சீட்டுக் குலுக்கினார்கள். எனக்குப் பற்பொடி. ஜமீலாவுக்கு நன்னாரி சர்பத். செல்லப்பாண்டி சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். மிளகாய்த்தூள். விதி சிரிக்கும் என்பார்கள். அன்றைக்கு எங்கள் வகுப்பில் அது கெக்கெக்கே என்றே சிரித்தது.

"கலர் ரஃப் நான் போட்டுத் தாரேன்டா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். என் குற்ற உணர்ச்சி அப்படி.

"அப்ப அது ஓன் வேலை மாப்ள. எனக்கு எதுக்கு அதுக்கு மார்க்கு?" என்றான்.

அவன் செய்ததைக் கேளுங்கள். அச்சகங்களில் ஓர் அட்டைப் புத்தகம் இருக்கும். சின்னச் சின்னக் கட்டங்களாக நூற்றுக்கணக்கான நிறம். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் எந்த மை எத்தனை சதவீதம் என்று எண். டவுனில் ஓர் அச்சகத்தில் கெஞ்சிக் கூத்தாடி, கிழிந்த பழைய பிரதி ஒன்றை வாங்கி வந்தான். கட்டங்களை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டினான். பிறகு நோட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினான். என் சைக்கிள், பின்னால் அவன். பூ மார்க்கெட்டில் ஒரு பூக்கார அக்கா முன்னால் போய்க் குந்தி, ஒரு கட்டத்தைக் காட்டி, "அக்கா, இது எது மாதிரி இருக்கு?" என்பான்.

"ஏம்ப்பா, ஒனக்குக் கண்ணு தெரியாதா?"

"கண்ணு தெரியும்க்கா. பேருதேன் தெரியாது."

"இது கனகாம்பரம்ல! நல்லா மலந்த கனகாம்பரம். இன்னைக்குப் பறிச்சது இல்ல, நேத்துப் பறிச்சது."

அதை அப்படியே எழுதிக்கொள்வான். நேற்றுப் பறித்த கனகாம்பரம், மஞ்சள் இவ்வளவு, சிவப்பு இவ்வளவு. ஒருவர் சொன்னால் போதாது. மூன்று பேராவது அதையே சொல்ல வேண்டும். ஜமீலா கடையில் கைலி மடிக்கிறவர்களிடம், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவரிடம், வண்டியூர் தெப்பக்குளத்துப் படியில் காற்று வாங்க வந்த குடும்பத்திடம் என்று கேட்டுக்கொண்டே போனான். சனங்கள் என்ன நினைத்தார்களோ, ஒருவர்கூட எரிந்து விழவில்லை. தெப்பக்குளத்தில் ஒரு கட்டத்துக்காகப் புருஷன் பெண்டாட்டி சண்டையே வந்துவிட்டது. அவர் கிளிப்பச்சை என்றார், அந்த அம்மா வாழைக்குருத்து என்றார். "இருவது வருசமா இந்த மனுசனுக்கு எதுதான் ஒழுங்காத் தெரிஞ்சிருக்கு!" என்று அந்த அம்மா எங்களையே நியாயம் கேட்டது. நாங்கள் மெதுவாக எழுந்து வந்தோம். கட்டத்துக்குக் கீழே இரண்டு பெயரையும் எழுதினான். மயில்கழுத்து, செங்காமட்டை, வெங்காயத்தோல், அரக்கு, கத்தரிப்பூ. நான் பள்ளியில் படித்த ஏழு நிறத்தையும் வைத்துக்கொண்டு என்ன கிழித்தேன் என்று அந்த நோட்டைப் பார்த்தபோது தோன்றியது.

திரும்பும் வழியில் ஒரு நாள் சைக்கிளை நிறுத்திவிட்டு மூடியை மாற்றியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"தெரியும் மாப்ள" என்றான் சாதாரணமாக. "மூடியில ஓன் கட்டவெரல் ரேகை அம்புட்டும் இருந்துச்சு. நீ என்னைக்குக் கையத் தொடச்சிருக்க?"

"தெரிஞ்சும் ஏன்டா சார்ட்ட சொல்லல?"

"சொன்னா, 'மூடி மாறுனா என்ன, உள்ள இருக்குற கலரு ஒனக்குத் தெரியாதா'ன்னு கேப்பாரே. என்ன சொல்றது?"

என்னைக் காட்டிக்கொடுக்க முடியாமல் ஆறு மாதம் என் கூடவே சாப்பிட்டு, என் சைக்கிளிலேயே வந்திருக்கிறான். ஒரு முணுமுணுப்பு இல்லை. அவன்மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்கு எங்கேயோ உயர்ந்துவிட்டது. இப்படியும் ஒரு மனுசனா என்று இருந்தது.

பரீட்சை நாள் காலையில் பதினாறு பேருடைய வேலையும் ஒரே தாளில் அச்சாகி வந்தது. என் பற்பொடிப் பாக்கெட்டில் ஒரு பெண் சிரிக்க வேண்டும். சிவப்புத் தாள் கொஞ்சம் நகர்ந்துபோனதால் உதட்டுச் சாயம் தாடையில் இறங்கி, வெற்றிலை போட்டு வாய் துடைக்காமல் வந்தவளாக நின்றாள். ஏறக்குறைய எல்லோருடையதிலும் ஏதாவது ஒன்று விலகியிருந்தது. செல்லப்பாண்டியின் மிளகாய் மட்டும், தொட்டால் கை எரியும்போல, பளபளவென்று சிவந்து கிடந்தது. காம்பு இளம் பச்சை. சிவப்பும் பச்சையும் சேருகிற இடத்தில் ஒரு நூல் வெள்ளைகூட இல்லை. ஜமீலா தாளைக் கையில் வாங்கி, "சரியா இருக்குங்க. ரெண்டும் சரியா இருக்கு" என்று அவனிடம் மெல்லச் சொன்னாள். அவள் சொன்ன பிறகுதான் அவன் மூச்சு விட்டான்.

நேர்முகத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஓர் அச்சகத்தில் பல வருடமாக ஓவியராக இருப்பவர், ஒல்லியான ஆள், நகக்கண்ணில் மை. ஒவ்வொருவரையும் தனியாக அறைக்குள் கூப்பிட்டார். செல்லப்பாண்டி உள்ளே போனதும் நானும் ஜமீலாவும் வெட்கமில்லாமல் ஜன்னலுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டோம்.

"கலர் ரஃப் எங்கப்பா?"

"போடலைங்கய்யா."

"ஏன்? அதுக்குத் தனி மார்க்கு உண்டே."

ஜமீலா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதினாள். ஒரு பொய் சொல்லுடா, தண்ணி கொட்டிருச்சுன்னு சொல்லுடா என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

"எனக்குச் செகப்பும் பச்சையும் பிரியாதுங்கய்யா" என்றான் செல்லப்பாண்டி.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "பிரியாதா? அப்ப இந்த மொளகா?"

"மஞ்சள் நூறு, செகப்பு நூறுங்கய்யா. காம்புக்குச் செகப்பு இல்ல. மஞ்சள் நூறு, நீலம் அம்பது. நாலு பேர்ட்டக் கேட்டு எழுதி வச்சிருக்கேன்." நோட்டை நீட்டியிருப்பான். பக்கம் புரள்கிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அந்த மனிதர் ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார். நேத்துப் பறிச்ச கனகாம்பரம் என்கிற இடத்தில் சிரித்துவிட்டார்.

"எங்க பிரஸ்ல இருக்குறவன்லாம் ரெண்டு கண்ணாலயும் பாத்துப் பாத்துத் தப்பு விடுறான். நீ பாக்காமலே போட்டிருக்க" என்றார். பிறகு, "இது யார் யாருக்குத் தெரியும்?"

"ரெண்டு பேருக்குங்கய்யா."

"என்னச் சேத்து மூணு. போதும்."

கலர் ரஃபுக்கான மதிப்பெண் போனது போனதுதான். விதி அது. மீதியை முழுசாகப் போட்டார். செல்லப்பாண்டி தேறினான். என்னைவிட ஆறு மதிப்பெண் கூட.

அவர் அச்சகத்திலேயே வேலைக்கும் கூப்பிட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு பல வருடம், தென்னாட்டில் வீட்டுக்கு வீடு தொங்கிய காலண்டர்களில் சாமி கட்டிய பட்டும், குழந்தை கன்னத்துச் சிவப்பும் எத்தனையோ அவன் கையில் நாலு தாளாகப் பிரிந்து போனவைதான். நான் துணிக்கடைப் பை வரைந்து காலத்தைத் தள்ளினேன். ஜமீலா கல்யாணமாகித் திருச்சிப் பக்கம் போய் அங்கே ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை ஆனாள். பிரிக்கிற வேலையை மெஷினே செய்ய ஆரம்பித்ததும் செல்லப்பாண்டி ஊருக்குத் திரும்பித் தோட்டம் பார்த்தான். மிளகாயும் தக்காளியும் போடவில்லை. கத்தரிக்காய் போட்டான். "முத்துனது தடவுனாத் தெரியும் மாப்ள" என்றான்.

போன வருடம் அவன் தவறிப்போனான். மாரடைப்பு. பதினாறாம் நாளுக்குப் பிறகு ஒரு நாள் போனேன். அவன் மனைவி ராசாத்தி காப்பி கொடுத்துவிட்டு, பரணிலிருந்து அந்த நோட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

"இது என்னண்ணே? கட்டங் கட்டமா ஒட்டிப் பேரெழுதி வச்சிருக்காரு. எம்புட்டோ தடவ கேட்டேன், படிக்கயில எழுதுனதுன்னுட்டாரு. புதுசு புதுசாவும் எழுதிக்கிட்டேதேன் இருந்தாரு."

நான் புரட்டினேன். கடைசிப் பக்கங்களில் அவன் கையெழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது. நாற்பது வருடமாக மூடியிருந்த வாய் அப்போது தவறிவிட்டது. "அவனுக்குச் செகப்பு பச்சை தெரியாதுல்ல, அதுக்குத்தாம்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியாது. கூடவே வாழ்ந்த மனைவிக்கு அவன் சொல்லவே இல்லை.

"என்னண்ணே சொல்றீக? கல்யாணத்துக்குச் சேல எடுக்கயில, 'மாம்பழக் கலர்ல அரக்கு பார்டர் எடு, ஒனக்கு எடுப்பா இருக்கும்'னு அவருதேன் சொன்னாரு. கடைக்காரரே அசந்து போனாரே."

நாலு கறுப்புத் தாளைப் பற்றி, கனகாம்பரம் கேட்டு அலைந்ததைப் பற்றி, எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். வெளிச்சமும் இருட்டும் எங்களைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்றும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப எனக்கு நரச்சது மட்டும் மனுசனுக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கும்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவள்தான் முதலில் நிறுத்தினாள்.

"அந்தச் சேல இன்னும் பொட்டியிலதேன் இருக்கு. அவரு கண்ணுக்கு அது எப்படிண்ணே தெரிஞ்சிருக்கும்?"

நான் நோட்டை இன்னொரு தடவை புரட்டினேன். எல்லாம் மற்றவர்கள் சொன்ன பெயர்கள். பூக்காரி சொன்னது, ஜமீலா சொன்னது, நான் சொன்னது. மூன்று வருடம் பக்கத்து மேசையில் இருந்தேன், நாற்பது வருடம் சிநேகிதனாக இருந்தேன். இது பச்சைடா, இது சிவப்புடா என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். உனக்கு எப்படிடா தெரிகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"தெரியலம்மா" என்றேன்.